பார்க்காததற்கு விசில் இல்லை

உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரு நடுவரின் கண்ணுக்குத் தப்பியது ஒரு உதை. அந்த உதைக்கு முன்னும் பின்னுமாக விரியும் ஹோவர்ட் வெப்பின் கதை இது.

2010 ஜூலை 11. தென்னாப்பிரிக்காவில் இரவு எட்டரை மணி. நம் ஊர்க் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டு. ஜொகானஸ்பர்க் சாக்கர் சிட்டி மைதானத்தில் 84,000-க்கும் மேற்பட்டவர்கள். அதுவரை உலகக் கோப்பையைத் தொட்டே பார்க்காத ஸ்பெயினும் நெதர்லாந்தும் எதிரெதிரே. நடுவில் மொட்டைத் தலையும் ஓங்கிய உடம்புமாக ஒரு இங்கிலாந்துக்காரர்.

28-வது நிமிடம். உயரமாக வந்த பந்தை ஸ்பெயினின் ஸாபி அலோன்ஸோ தலையால் முட்டுகிறார். அதே பந்துக்காக நெதர்லாந்தின் நைஜல் டி யோங் காலைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பந்து போய்விட்டது; கால் வந்துவிட்டது. பூட்ஸின் அடிப்பாகம் அப்படியே அலோன்ஸோவின் நெஞ்சில் பதிகிறது. அலோன்ஸோ விழுந்து துடிக்கிறார்.

விசில் அடித்தது. சட்டைப்பைக்குள் கை போனது. வெளியே வந்தது மஞ்சள் அட்டை.

அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நான் கத்தினேன். "இதுக்கு மஞ்சளா? சிவப்பு கொடுய்யா!" வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எனக்கு மட்டுமில்லை, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தக் கணத்தில் சந்தேகமே இல்லை. காரணம், நாங்கள் அதை மறுஒளிபரப்பில் மெதுவாக, அருகில், வேறு வேறு கோணங்களில் பார்த்துவிட்டோம். ஹோவர்ட் வெப்புக்குக் கிடைத்தது ஒரே கோணம், ஒரே தடவை. அந்தக் கோணத்திலும் பார்வை பாதி மறைந்திருந்தது.

ஆட்டம் முடிந்த பிறகுதான் அவர் அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்தார். அது சிவப்பு அட்டைக்கான ஃபவுல்தான் என்று பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இருபது வருட உழைப்பு கொண்டுவந்து நிறுத்திய சிகரம் அது. அந்தச் சிகரத்தில் நின்றபோது அரை நொடிக் காட்சி ஒன்று அவர் கண்ணுக்கு முழுதாகப் படவில்லை. ஒரு நடுவரின் வாழ்க்கை என்ன என்பதைப் புரிந்துகொள்ள அந்த அரை நொடியை விடச் சிறந்த வாசல் எனக்குத் தெரியவில்லை.

காவல்காரர் கையில் விசில்

வடக்கு இங்கிலாந்தில் சவுத் யார்க்ஷயர் பகுதியில் இருக்கிறது ரோதர்ஹாம். நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர். 1971 ஜூலை 14 அன்று அங்கே பிறந்தவர் ஹோவர்ட் வெப். அப்பா பில்லி, உள்ளூர் ஆட்டங்களில் நடுவர். அந்த வழியில் 1989-ல், பதினெட்டு வயதில், மகனும் விசிலைக் கையில் எடுத்தார்.

சோறு போட்ட வேலை போலீஸ். சவுத் யார்க்ஷயர் காவல்துறையில் சேர்ந்து சார்ஜென்ட் ஆனார். வாரம் முழுக்கச் சீருடை, வார இறுதியில் அரைக்கால் சட்டை. இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான். கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்கு நடுவே போய் நிற்க வேண்டும், குரலை உயர்த்தாமல் பேச வேண்டும், முடிவெடுத்தால் அதில் நிலைத்து நிற்க வேண்டும். கொதிக்கிற ஆட்டக்காரர்களிடம் அவர் பேசுகிற விதத்தில் அந்தப் போலீஸ் அனுபவம் கடைசி வரை தெரிந்தது.

நடுவர் தொழிலில் குறுக்கு வழி கிடையாது. ஒரு ஆட்டக்காரன் பதினேழு வயதில் உலகப் புகழ் அடையலாம். பீலே 1958-ல் அப்படித்தான் அடைந்தார். நடுவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. பூங்கா மைதானம், மாவட்ட லீக், அரைத் தொழில்முறை லீக் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் மேடையில் உட்கார்ந்து ஒருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார். எங்கே நின்றாய், எத்தனை தூரத்திலிருந்து விசில் ஊதினாய், எந்த ஃபவுலை விட்டாய், அட்டையை எப்படிக் காட்டினாய் என எல்லாமே குறிக்கப்படும். வெப் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் நடுவரானது 2000-ல். பிரீமியர் லீக் 2003-ல். ஃபிஃபாவின் பன்னாட்டு நடுவர் பட்டியலில் பெயர் வந்தது 2005-ல். விசிலை எடுத்து அப்போது பதினாறு வருடம் ஆகியிருந்தது.

இங்கிலாந்தில் நடுவர் பணி முழுநேரத் தொழிலானது 2001-ல்தான். அதற்கு முன்பு நடுவர்கள் எல்லாரும் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆட்டம் நடத்தினார்கள். 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்திய ஜாக் டெய்லர், வுல்வர்ஹாம்ப்டனில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். 2002 இறுதி ஆட்டத்தை நடத்திய இத்தாலியின் பியர்லூயிஜி கொலீனா நிதி ஆலோசகர். வெப்பும் போலீஸ் வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டுதான் முழுநேர நடுவரானார்.

எங்கே நிற்பது?

நல்ல நடுவர் என்றால் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று பலர் நினைக்கிறோம். விதிகளைப் படித்து முடிக்கச் சில நாட்கள் போதும். நடுவரின் உண்மையான கலை, எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்பதில் இருக்கிறது.

நடுவர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கிக் குறுக்குவாட்டில் ஓடுவார். அவர் விடும் இரண்டு பகுதிகளின் ஓரத்தில் கொடியோடு உதவி நடுவர்கள் ஓடுவார்கள். எப்போதும் பந்து இரண்டு ஜோடிக் கண்களுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்த முறையைப் பரவச் செய்தவர் ஸ்டான்லி ரவுஸ். 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தின் நடுவராக இருந்தவர். ஆட்ட விதிகளை 1938-ல் திருத்தி எழுதியவர். பின்னர் ஃபிஃபா தலைவரும் ஆனவர்.

பந்துக்கு மிக அருகில் நின்றால் ஆட்டக்காரர்களின் வழியில் இடைஞ்சலாக நிற்போம். தள்ளி நின்றால் கால் எங்கே பட்டது என்று தெரியாது. நேர் பின்னால் நின்றால் முதுகுதான் தெரியும். இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையில் இருக்கும் சந்து கண்ணில் படும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். பந்து நகர நகர அந்தச் சந்தும் நகரும். அதனால் அடுத்து பந்து எங்கே போகும் என்று ஆட்டக்காரனுக்கு முன்பே நடுவர் யோசித்தாக வேண்டும். ஒரு ஆட்டத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். அந்த ஓட்டமெல்லாம் இந்த ஒரு சந்துக்காகத்தான்.

அதற்கான உடல்தகுதியும் சாதாரணமில்லை. வெப் காலத்து ஃபிஃபா தேர்வில் 40 மீட்டரை ஆறு முறை ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் 6.2 நொடிக்குள். பிறகு 150 மீட்டரை 30 நொடியில் ஓடி, 50 மீட்டரை 35 நொடியில் நடந்து, திரும்பத் திரும்ப அதையே செய்ய வேண்டும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரை விட வயதில் மூத்த, முப்பதுகளின் இறுதியில் இருக்கும் ஒருவர் இதைத் தாண்டினால்தான் அடுத்த ஆட்டம்.

இத்தனைக்குப் பிறகும் குறுக்கே ஒரு தோள் வந்துவிட்டால் காட்சி போச்சு. அப்போது நடுவர் என்ன செய்ய வேண்டும்? பார்த்ததற்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஊகித்து அட்டை காட்டக் கூடாது. விழுந்தவன் துடிக்கிற துடிப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. துடிப்பதில் தேர்ந்த நடிகர்கள் கால்பந்தில் நிறைய. பார்க்காததற்கு விசில் இல்லை. இந்தத் தொழிலின் முதல் அறம் இதுதான். 28-வது நிமிடத்தில் வெப் அந்த அறத்தின்படிதான் நடந்தார் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

வியன்னாவில் ஒரு பெனால்டி

வெப்பின் பெயர் ஐரோப்பா முழுக்கத் தெரிந்தது 2008-ல். ஐரோப்பியக் கோப்பை, ஜூன் 12, வியன்னா. போட்டியை நடத்தும் ஆஸ்திரியாவும் போலந்தும் மோதின. 30-வது நிமிடத்தில் போலந்து கோல் அடித்தது. அது ஆஃப்சைடு, நடுவர் குழு கவனிக்கத் தவறியது. ஆட்டம் முடியும் நேரம் தாண்டிக் கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஃப்ரீ கிக்குக்காகக் காத்திருந்த கூட்டத்தில் போலந்து வீரர் ஒருவர் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெப் அதைப் பார்த்தார். பார்த்ததற்கு விசில் ஊதினார். 93-வது நிமிடத்தில் பெனால்டி, கோல், 1-1.

சட்டையை இழுத்தது உண்மை. விதிப்படி பெனால்டி சரி. ஆனால் கடைசி நிமிடத்தில் கையிலிருந்த வெற்றி நழுவிய ஒரு நாட்டுக்கு விதி எங்கே காதில் விழும்? போலந்தின் பிரதமர் டொனால்ட் டஸ்க், கொலை செய்யும் அளவுக்குக் கோபம் வந்தது என்று வெளிப்படையாகப் பேசினார். நாட்டின் பிரதமரே அப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள்! வெப்புக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

அந்தப் போட்டியின்போது பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு படக்குழு நடுவர்களோடு கூடவே இருந்தது. 2009-ல் வெளிவந்த அந்த ஆவணப்படத்தில் நடுவர்கள் காதில் மாட்டியிருக்கும் கருவி வழியே பேசிக்கொள்வதை நாமும் கேட்கலாம். மைதானத்தில் இரும்பு மாதிரி நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ளும் சத்தம் அது. பார்த்த பிறகு நடுவரை வெறும் கறுப்புச் சட்டையாகப் பார்க்க முடியாது.

முக்கியமான ஒன்று. வியன்னாவில் வெப்போடு கொடி பிடித்தவர்கள் டேரன் கேன், மைக்கேல் மல்லார்க்கி. இரண்டு வருடம் கழித்து ஜொகானஸ்பர்க் இறுதி ஆட்டத்தில் கொடி பிடித்தவர்களும் அவர்களே. தவறும் பழியும் சேர்ந்து வந்தன. அந்த மூவர் பிரியவில்லை.

2009 ஏப்ரலில் இன்னொரு அடி. மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம் ஆட்டத்தில் டாட்டன்ஹாம் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது யுனைடெட்டுக்கு வெப் ஒரு பெனால்டி கொடுத்தார். கோல்கீப்பரின் கை முதலில் பந்தில்தான் பட்டிருந்தது. ஆட்டம் தலைகீழாகி யுனைடெட் 5-2 என்று வென்றது. தான் கொடுத்தது தவறான பெனால்டி என்று வெப் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் அவர் கைக்கு வந்தது. ஒரு தவறுக்குப் பிறகு அடுத்த ஆட்டத்தை எப்படி நடத்துகிறான் என்பதை வைத்துத்தான் நடுவரை எடைபோடுகிறார்கள்.

சொந்த நாடு தோற்றால்தான்

நடுவருக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. சொந்த நாடு ஆடும் ஆட்டத்தை அவர் நடத்த முடியாது. ஆகவே சொந்த அணி முன்னேற முன்னேற, அந்த நாட்டு நடுவரின் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே வரும். சின்ன வயதிலிருந்து நேசித்த அணி தோற்ற நாளில்தான் அவருக்குக் கதவு திறக்கும்.

2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஜூன் 27 அன்று ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்து வெளியே வந்தது. நடுவர் குழு பார்க்கவில்லை, கோல் இல்லை. அதே நாள் அர்ஜென்டினா, மெக்ஸிகோ ஆட்டத்தில் தெளிவான ஆஃப்சைடிலிருந்து கார்லோஸ் தேவேஸ் கோல் போட்டார். அந்தக் காட்சி மைதானத்தின் பெரிய திரையிலேயே ஓடியது. நடுவர் இத்தாலியின் ரொபெர்ட்டோ ரோசெட்டி, 2008 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியவர். தவறு கண்ணுக்கு எதிரே திரையில் நிற்கிறது. வீடியோவைப் பார்த்து முடிவை மாற்ற அன்றைய விதி அனுமதிக்கவில்லை. கோலைக் கொடுத்துவிட்டு அவர் நின்ற நிலையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

வெப் அந்தத் தொடரில் ஸ்பெயின்–சுவிட்சர்லாந்து, ஸ்லோவாக்கியா–இத்தாலி, பிரேசில்–சிலி என மூன்று ஆட்டங்களைச் சிக்கலில்லாமல் நடத்தியிருந்தார். ஜூலை 8 அன்று ஃபிஃபா அறிவித்தது: இறுதி ஆட்ட நடுவர், ஹோவர்ட் வெப். ஜாக் டெய்லருக்குப் பிறகு 36 வருடம் கழித்து ஒரு இங்கிலாந்து நடுவர். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு, மே 22 அன்று, மாட்ரிட்டில் இன்டர் மிலான், பேயர்ன் மியூனிக் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தையும் அவர்தான் நடத்தியிருந்தார். ஒரே ஆண்டில் இந்த இரண்டு இறுதி ஆட்டங்களையும் நடத்திய முதல் நடுவர் அவரே.

நூற்று இருபது நிமிடம்

அந்த இறுதி ஆட்டத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். இம்முறை பந்தை விட்டுவிட்டேன். நடுவர் எங்கே தெரிகிறாரோ அங்கே மட்டும் கண்ணை வைத்தேன். அது வேறு ஆட்டமாக இருந்தது.

நெதர்லாந்து அன்று ஸ்பெயினின் பாஸ்களை உடைக்க உடம்பைக் கொண்டு வந்தது. 15-வது நிமிடத்தில் வான் பெர்சிக்கு மஞ்சள். அடுத்த நிமிடம் ஸ்பெயினின் புயோலுக்கு. 22-ல் வான் பொம்மல், 23-ல் செர்ஹியோ ராமோஸ். அட்டையைக் காட்டினால் அடங்குவார்கள் என்பது நடுவரின் கணக்கு. அன்று யாரும் அடங்கவில்லை. 28-ல் டி யோங்கின் உதை. அரை மணி நேரத்துக்குள் ஐந்து அட்டைகள்.

உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 28-வது நிமிடத்தில் ஒரு அணியைப் பத்துப் பேராக்குவது எவ்வளவு கனமான முடிவு! தெளிவாகப் பார்த்திருந்தால் அந்தக் கனத்தையும் சுமந்திருப்பார். தெளிவாகப் பார்க்காமல் அந்த முடிவை எடுப்பதை எந்த நடுவரும் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது.

பிறகும் விடாமல் தொடர்ந்தது. 83-வது நிமிடத்தில் நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் பந்தோடு பாய்கிறார். புயோல் அவரைப் பிடித்து இழுக்கிறார். ராபன் விழாமல் ஓடுவதால் ஆட்டம் தொடரட்டும் என்று வெப் விடுகிறார். கோல்கீப்பர் காசியாஸ் பந்தைக் கைப்பற்றுகிறார். ராபன் வெப்பை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடி வர, அவருக்கே மஞ்சள் அட்டை. 109-வது நிமிடத்தில் ஜான் ஹைட்டிங்காவுக்கு இரண்டாவது மஞ்சள், வெளியேறுகிறார். 115-ல் நெதர்லாந்தின் ஸ்னைடர் அடித்த ஃப்ரீ கிக் ஸ்பெயின் சுவரில் பட்டு வெளியே போகிறது. கார்னர் கொடுத்திருக்க வேண்டும்; கோல் கிக் என்று கை காட்டப்படுகிறது. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் ஆந்த்ரேஸ் இனியெஸ்டாவின் கோல். ஸ்பெயின் 1-0.

இனியெஸ்டா சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறார். உள்ளே போட்டிருந்த பனியனில், முந்தைய ஆண்டு இறந்துபோன நண்பர் டானி ஹார்கேவின் பெயர். ஒரு நாட்டுக்கு முதல் உலகக் கோப்பையைத் தந்த கோல், இறந்த நண்பனுக்குச் சமர்ப்பணம். அந்த நேரத்திலும் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்கிறது விதி. வெப் போய் அட்டையைக் காட்டினார். மைதானத்தில் அத்தனை பேரும் அழுதும் சிரித்தும் கொண்டிருக்கையில், ஒருவர் மட்டும் விதிக்குள்ளேயே நிற்கிறார். அந்தக் காட்சியில் எனக்கு இனியெஸ்டாவைப் பார்க்கத் தோன்றவில்லை.

மொத்தம் 14 மஞ்சள் அட்டைகள். நெதர்லாந்துக்கு 9, ஸ்பெயினுக்கு 5. அதற்கு முன் ஒரு இறுதி ஆட்டத்தில் அதிகபட்சம் 6, 1986-ல். கடைசி விசில் அடித்ததும் டச்சு ஆட்டக்காரர்கள் வெப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்னொரு பக்கம், டி யோங்கை அனுப்பவில்லையே என்று ஸ்பெயின் ரசிகர்களுக்கு வருத்தம். இரண்டு தரப்பும் குறை சொன்ன ஒரே மனிதர் அவர். ஆனால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: அந்த 120 நிமிடமும் எலும்பு முறியாமல், கைகலப்பு மூளாமல், ஆட்டம் ஆட்டமாகவே முடிந்தது. அதற்கு அந்த 14 அட்டைகளும் தேவைப்பட்டன.

மைதானத்துக்கு வெளியே ஒரு போராட்டம்

வெப் தன் கதையை 2016-ல் புத்தகமாக எழுதினார். அதில்தான் உலகத்துக்கு ஒரு செய்தி தெரிந்தது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழல் நோய் இருந்தது. மனதில் ஒரு எண்ணம் புகுந்தால் விடாது துரத்தும். அதை அடக்கச் சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். போலீஸ் வேலையிலும் நடுவர் வேலையிலும் உடன் இருந்தவர்களிடம் இதை மறைத்தே வாழ்ந்தார்.

நெஞ்சைத் தொடும் செய்தி இது. செய்ததையே திரும்பச் செய்யச் சொல்லும் மனம் உள்ள ஒருவர், எடுத்த முடிவைத் திரும்பிப் பார்க்கவே கூடாத தொழிலைத் தேர்ந்தெடுத்தார். விசில் அடித்த அடுத்த கணம் அந்த முடிவை மனதிலிருந்து இறக்கிவைத்தால்தான் அடுத்ததைப் பார்க்க முடியும். ஒவ்வொரு வாரமும் பல்லாயிரம் பேர் முன்னால் அவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

2014 பிரேசில் உலகக் கோப்பையிலும் அவர் இருந்தார். போட்டியை நடத்திய பிரேசில், சிலியோடு மோதிய நாக் அவுட் ஆட்டம் அவர் கையில். 55-வது நிமிடத்தில் பிரேசிலின் ஹல்க் போட்ட கோலை, பந்து கையில் பட்டது என்று ரத்து செய்து, ஹல்க்குக்கு மஞ்சள் அட்டையும் காட்டினார். பிரேசில் மண்ணில், பிரேசில் ரசிகர்கள் நடுவில், பிரேசில் கோல் செல்லாது என்பதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! இந்த முறை சந்து தெரிந்தது, பார்த்தார், விசில் ஊதினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். வயது 43.

இன்று கேமராவும் கண்ணாக

லம்பார்டின் கோல் மறுக்கப்பட்ட இரண்டு வருடத்தில், 2012 ஜூலையில், பந்து கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் முறை வந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டும் அப்போது வீடியோ தலையிட முடிந்தது. இன்றாக இருந்தால் டி யோங் 28-வது நிமிடத்திலேயே வெளியே போயிருப்பார்.

வெப் ஓய்வுக்குப் பிறகு சவுதி அரேபியாவில் நடுவர்கள் துறைக்குப் பொறுப்பேற்றார். பிறகு அமெரிக்க எம்.எல்.எஸ். லீக்கில் இந்த வீடியோ முறையைக் கொண்டுவரும் பொறுப்பு. 2022 டிசம்பரில் இங்கிலாந்து திரும்பி, தொழில்முறை நடுவர் அமைப்பின் தலைமை அதிகாரி ஆனார்.

அங்கேதான் அவருடைய பெரிய சோதனை காத்திருந்தது. 2023 செப்டம்பர் 30. டாட்டன்ஹாம், லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலுக்கு ஆஃப்சைடு கொடி. வீடியோவில் பார்த்தால் ஆஃப்சைடு இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டதாக நினைத்த வீடியோ நடுவர், சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிவிட்டது. இனி நிறுத்த முடியாது. இயந்திரம் பார்த்தது சரி. மனிதர்கள் பேசிக்கொண்டதில் பிசகு. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

வெப்பின் அமைப்பு தவறை ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. மூன்றாம் நாள் வீடியோ நடுவர் அறையில் நடந்த முழு உரையாடலின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. தவறு புரிந்த கணத்தில் எழும் பதற்றக் குரல்களை நாடே கேட்டது. அந்த ஆண்டில்தான் வெப் தொலைக்காட்சியில் தோன்றி, நடுவர்களின் பேச்சைப் போட்டுக் காட்டி, எது சரி, எது தவறு என்று விளக்கும் வழக்கமும் தொடங்கியிருந்தது. நடுவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது நூறு வருடப் பழக்கம். அதை உடைத்தவர், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரு உதையைத் தவறவிட்டதை மறைக்காமல் சொன்ன அதே மனிதர்.

இது தற்செயல் இல்லை என்று நான் நம்புகிறேன். பார்த்ததற்கு மட்டும் தீர்ப்பு, பார்க்கத் தவறியதற்கு ஒப்புதல்: இரண்டும் ஒரே நேர்மையின் இரண்டு கைகள். முதலாவதை மைதானத்தில் பயிற்சி செய்தவருக்குத்தான் இரண்டாவது வெளியே வரும்.

இங்கிலாந்தில் உள்ளூர் ஆட்டங்களின் நடுவர்கள் மீது வசவும் தாக்குதலும் பெருகி, 2023-ல் அவர்கள் உடம்பில் கேமரா பொருத்திச் சோதித்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. திட்டு வாங்குகிற அந்த உள்ளூர் இளைஞர்களில் இருந்துதான் இருபது வருடம் கழித்து உலகக் கோப்பை நடுவர் வர வேண்டும். ரோதர்ஹாமில் 1989-ல் விசில் எடுத்த பதினெட்டு வயதுக்காரரும் அந்த வரிசையில் நின்றவர்தான்.

மறுபடி அந்த 28-வது நிமிடத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை பார்த்தபோது அலோன்ஸோவை விட்டுவிட்டு வெப்பைப் பார்த்தேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஓடி வந்து, தான் பார்த்ததற்கு உரிய அட்டையை, பார்த்த அளவுக்கு, எடுத்துக் காட்டினார். பிறகு திரும்பி, ஃப்ரீ கிக்குக்கு இடம் காட்டிவிட்டு, அடுத்த பந்துக்கான சந்தைத் தேடி ஓடத் தொடங்கினார்.

நான் கத்தியது சத்தமாக. அவர் ஓடியது சரியாக.

பெட்டிச் செய்தி: விசில் பிடித்த கைகள்

கென் ஆஸ்டன்: இங்கிலாந்து பள்ளித் தலைமை ஆசிரியர். 1966 உலகக் கோப்பையின் இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்தில் யாருக்கு எச்சரிக்கை, யார் வெளியே என்பது புரியாமல் குழப்பம். லண்டன் தெருவில் காரோட்டிப் போகையில் டிராஃபிக் விளக்கைப் பார்த்தவருக்கு யோசனை பிறந்தது. மஞ்சளும் சிவப்பும் 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகளாக அறிமுகமாயின. மொழி தேவைப்படாத தீர்ப்பு.

ஜாக் டெய்லர்: 1974 இறுதி ஆட்டம், மியூனிக். போட்டியை நடத்திய மேற்கு ஜெர்மனியின் ஒரு ஆட்டக்காரர்கூடப் பந்தைத் தொடும் முன்பே அவர்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தவர். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதுவே முதல் பெனால்டி. பின்னர் அதே ஆட்டத்தில் ஜெர்மனிக்கும் ஒன்று கொடுத்தார்.

பியர்லூயிஜி கொலீனா: இருபதுகளிலேயே நோயால் தலைமுடி முழுவதும் உதிர்ந்தவர். 1998 முதல் 2003 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் உலகின் சிறந்த நடுவர் விருது. 2002 இறுதி ஆட்டத்தை நடத்தினார். அதே உலகக் கோப்பையில் இந்தியாவின் கோமளீஸ்வரன் சங்கர் உதவி நடுவராகக் கொடி பிடித்தார்.

ஸ்டெஃபனி ஃபிராப்பார்: பிரான்ஸ் நாட்டவர். 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் கோஸ்டா ரிக்கா–ஜெர்மனி ஆட்டத்தை நடத்தி, ஆண்கள் உலகக் கோப்பையில் விசில் பிடித்த முதல் பெண்மணி ஆனார். அன்று இரு ஓரங்களிலும் கொடி பிடித்தவர்களும் பெண்களே: பிரேசிலின் நெயுசா பாக், மெக்ஸிகோவின் கரேன் டியாஸ்.